மிக்சர் ஷவரில் வெந்நீர் வராதது ஏன்?

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் எங்கள் பழைய வீட்டின் மேல்மாடியில் ஷவரில் வெந்நீர் வராதபோது, பழியைக் கீசர்மீது சுமத்திப் புதியது வாங்கினேன். வீண் செலவு! மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது சுமார் 0.3 பார் அழுத்தமே. 10 மீட்டர் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார். நாங்களோ தண்ணீர்க் குழாயில் மட்டும் பிரஷர் பம்ப் பொருத்தியிருந்தோம். மிக்சருக்குள் வலுத்த தண்ணீர், வலுவற்ற வெந்நீரைப் பின்தள்ளி, அதன் குழாய்க்குள்ளும் புகுந்துவிடுகிறது. ஒருவழி வால்வு இப்பின்னோட்டத்தைத் தடுக்குமேயன்றி அழுத்தத்தைச் சமன்செய்யாது. பம்ப்பிலிருந்து வரும் குழாயைப் பிரித்து, ஒரு கிளையைக் கீசருக்கும் மற்றதை மிக்சருக்கும் கொடுப்பதே தீர்வு. அவ்வழுத்தத்தைக் கீசர் தாங்குமா என அதன் தகட்டில் முன்னதாகப் பார்த்துக்கொள்க. பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கலாகாது. வீட்டுச் சீரமைப்புக் கடன் கேட்போரின் மதிப்பீட்டில் புதுக் கீசர் இருந்தால், பம்ப் எந்தக் குழாயில் உள்ளது என்றே இப்போது முதலில் வினவுகிறேன்.