இல்லமே பட்டறை

வங்கத்து ஓவியர் ஜாமினி ராய் (1887–1972) கல்கத்தா அரசினர் கலைப் பள்ளியில் மேனாட்டு முறையைப் பயின்று, எண்ணெய் வண்ண உருவப்படங்களால் பெயர் பெற்றவர். பின்னர் அதனைத் துறந்து, கிராமங்களில் படம் எழுதும் பட்டுவாக்களின் நெறியை மேற்கொண்டார். இல்லமே அவருக்குப் பட்டறையாயிற்று.

கடைச் சாயங்களை விடுத்து, கல்லையும் மண்ணையும் பொடித்து வண்ணமாக்கினார். நீலத்துக்கு அவுரி, வெண்மைக்குச் சுண்ணம், கருமைக்கு விளக்குக் கரி. அவற்றைப் பிணைப்பதற்குப் புளியங்கொட்டைப் பசை. துணி, பாய், பலகை யாவற்றிலும் தீட்டினார். ஒரே உருவத்தைப் பன்முறை எழுதினார், மைந்தரும் கைகொடுத்தார். ‘இதனால் கலையின் தனித்தன்மை குன்றாதோ?’ எனச் சிலர் ஐயுற்றனர். எளியோர் இல்லச் சுவரிலும் ஓவியம் இடம்பெற வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆதலின் குறைந்த விலைக்கே விற்றார். அங்ஙனம் விற்ற படங்களே இன்று, நாட்டை விட்டுக் கொண்டுசெல்லலாகாத தேசியக் கலைச் செல்வங்களாகச் சட்டத்தால் காக்கப்படுகின்றன.