லாயமும் லயமும்

ஸ்பானிய மொழியில் ஒருவரிடம் பெயர் கேட்க விரும்புவோர், "கோமோ சே யாமா?" என்று வினவுவர். 'தம்மை எவ்வாறு அழைத்துக்கொள்கிறீர்?' என்பது அதன் நேர்ப்பொருள். இங்கே வரும் 'யாமா' அழைத்தலைக் குறிப்பது. தீச்சுடருக்கும் அம்மொழியில் அதுவே சொல். அன்டீஸ் மலைகளில் பொதி சுமக்கும் ஒரு விலங்குக்கும் அதுவே பெயர். முதலிரண்டும் இலத்தீன் வழி வந்தவை. மூன்றாவது கெச்சுவா மக்களிடமிருந்து ஸ்பானியர் பெற்றது. நாம் அவ்விலங்கை 'லாமா' என்கிறோம். திபெத்தியத் துறவியரோடு மயங்காதிருப்போமாக!

அக்கரப்பத்தனையில் இருந்துகொண்டு லாமாவைப் பற்றி எழுதுவானேன்? புவியியல் பாடத்தின்போது மாணவி ஒருத்தி, "இங்கேயும் குளிர்தானே சேர், லாமாவைக் கொண்டு வந்தால் எங்கே கட்டுவது?" என்று கேட்டாள். நல்ல வினா. குளிர் அவ்விலங்குக்குப் பகையன்று. 12,000 அடிக்கு மேலும் கல் சுவரால் வளைத்த, கூரையற்ற பட்டியிலேயே அது இரவைக் கழித்துவிடும். நம் ஊரில் அதற்குப் பகை மழைதான். வைகாசியில் தென்மேற்குக் காற்று தொடங்கி அக்கர ஓயா கலங்கி ஓடும் நாட்களில் அதன் தடித்த உரோமம் நனைந்து ஊறும். எனவே கூரை வேண்டும். காற்று வரும் பக்கம் சுவர் வேண்டும். ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். தரை ஈரமின்றி இருக்க வேண்டும். ஒன்றைத் தனியே கட்டிவைத்தலும் ஆகாது. மந்தையில் வாழ்ந்து பழகிய உயிர் அது. சாணமிடுவதற்கு மந்தை முழுவதும் ஓரிடத்தையே நாடுவதால், தொழுவத்தைத் துப்புரவாக்கும் வேலை மட்டும் எளிது.

தமிழர் மாட்டுக்குத் தொழுவமும், ஆட்டுக்குப் பட்டியும், குதிரைக்கு லாயமும் வகுத்துப் பெயரிட்டனர். தோட்டத்து மனிதருக்குக் கிடைத்த பெயரோ 'லயம்'. வரிசை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் திரிபு இது. ஆயினும் லாயத்துக்கும் லயத்துக்கும் இடையே ஒரு காலின் வேறுபாடுதான் என்பதைக் காணும்போதெல்லாம் என் பேனா சற்றுத் தயங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. முன்னே ஒரு ஒடுங்கிய தாழ்வாரம். லாமாவுக்கு நாம் மேலே வகுத்த காற்றோட்டமும் உலர்ந்த தரையும் பல லயங்களில் இன்றும் இல்லை.

லாமாவைக் கடல் கடத்திய ஒருவர் உண்மையிலேயே இருந்தார். சார்ல்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கிலேய வணிகர், ஏற்றுமதித் தடையை மீறி, லாமாக்களும் அவற்றின் இனமான அல்பாக்காக்களும் அடங்கிய மந்தையொன்றை மலைகள் தாண்டி ஓட்டிச் சென்று, 1858இல் சிட்னியில் இறக்கினார். அம்முயற்சி சில ஆண்டுகளில் குலைந்தது. அவர் பெயர் நிலைத்தது வேறொன்றால்: சிங்கோனா, அதாவது கொயினா மருந்து தரும் மரம். லெட்ஜருக்கு அதன் உயர்ந்த விதைகளைத் திரட்டித் தந்தவர் பொலிவியாவின் பழங்குடியினரான மனுவெல் இன்க்ரா மாமானி. 1865இல் விதைகளோடு வந்து சேர்ந்தார். பின்னர் அதே குற்றத்துக்காகச் சிறையில் அடிக்கப்பட்டு, 1871இல் மாண்டார். அம்மரத்துக்கு இடப்பட்ட பெயர் 'லெட்ஜெரியானா'. லெட்ஜர் என்றால் தமிழில் பேரேடு. அந்தப் பேரேட்டில் மாமானிக்கு இடமில்லை.

அந்த மர இனத்துக்கும் நம் மலைக்கும் உறவு உண்டு. ஹக்கலைத் தோட்டம் 1861இல் சிங்கோனாவுக்காகவே அமைக்கப்பட்டது. 1869இல் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியபின் துரைமார் பலர் சிங்கோனாவை நட்டனர். விலை வீழ்ந்ததும் தேயிலைக்கு மாறினர். பயிர்கள் மாறின, குழி வெட்டிய கைகள் மாறவில்லை. அக்கைகளுக்குரியோரின் பெயர்களை நாம் எங்கே தேடுவது?

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலையின் கணக்கு. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்' என்பார்கள். காலையில் முழுப் பெயரோடு மலையேறிய பெண் மாலையில் அரைப் பெயரோடு இறங்குகிறாள்! இதை வெறும் சொல் விளையாட்டென்று நான் தள்ளமாட்டேன். 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியபோதும், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டபோதும், யார் எவர் என்பதைத் தாளே தீர்மானித்தது. செக்றோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் மற்றொன்று என்றிருந்தோர் பட்ட பாடு சொல்லத் தரமன்று. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது.

பள்ளியில் சேர்வு இடாப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. சென்ற தை மாதம் ஒரு தாயிடம் மகளின் பெயரைக் கேட்டேன். "எழுதியிருக்கிறது சான்றிதழில இருக்கு சேர். நாங்க கூப்பிடுறது ராசாத்தி" என்றார். சான்றிதழிலிருந்த பெயரின் இரண்டாம் எழுத்து பிழையாக இருந்தது. அதைத் திருத்துவதற்கான விண்ணப்பத்தை அன்று மாலையே அவரோடு இருந்து நிரப்பினேன்.