குதிரையின் முறிந்த காலும் கிருமித் தொற்றும்

மனிதனுக்குக் கால் முறிந்தால் கட்டிலிற் படுத்திருந்து குணமடையலாம். ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு அந்த வாய்ப்பில்லை. நெடுநாட் படுத்தே கிடந்தால் அதன் தசைகள் நசுங்கிக் கெடும், சுவாசமும் தடைப்படும். ஆதலின் சத்திரசிகிச்சை முடிந்து மயக்கந் தெளிந்ததும் அது எழுந்து, முறிந்த காலையும் ஊன்றி நிற்க வேண்டியதாகிறது.

இக்காலத்தில் உலோகத் தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு என்புமுறிவைப் பொருத்துகின்றனர். எனினும், அதன் பின்னர்தான் பெரும் அபாயம் தோன்றுகின்றது. குதிரையின் காலிற் கீழ்ப்பாகத்தில் தசை இல்லையென்றே கூறலாம். தோலும் தசைநாண்களும் என்புமே உள. முறிந்த என்பு தோலைக் கிழித்திருப்பின், மண்ணிலும் இலத்தியிலுமுள்ள கிருமிகள் எளிதில் உட்புகும். உட்புகுந்தவை உலோகத்தில் ஒட்டி, பசைபோன்ற படலமொன்றைச் சுரந்து அதனுள் மறைந்து வாழும். அவற்றை மருந்தினால் அழித்தல் அரிது. தகட்டைக் கழற்றினால் தொற்று நீங்கக்கூடும். ஆனால், பொருந்தாத என்பு மீண்டும் பிரிந்துவிடும். வைத்தியருக்கு நேரும் தருமசங்கடம் இதுவே.

அமெரிக்காவின் பார்பரோ என்னும் பந்தயக் குதிரையின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 2006 மே 6இல் கென்டக்கி டேர்பிப் பந்தயத்தில் வென்ற அக்குதிரை, மே 20இல் பால்ற்றிமோரில் ஓடியபோது வலது பின்காலை முறித்துக்கொண்டது. என்பு இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாயிற்று. மறுநாள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் டீன் றிச்சட்சன் என்னும் நிபுணர் ஐந்து மணி நேரத்துக்கு மேலாக முயன்று, 27 திருகாணிகளால் அதனைப் பொருத்தினார்.

ஜூலையில் அக்காலிற் கிருமித் தொற்று கண்டது. தகடும் திருகாணிகள் சிலவும் மாற்றப்பட்டன. ஆனால், நோயுற்ற காலின் சுமை இடது பின்காலிற் சாய்ந்தது. குளம்பையும் உள்ளிருக்கும் என்பையும் பிணைக்கும் மெல்லிய இழையங்கள் அதனாற் சிதைந்தன. லமினைற்றிஸ் எனப்படும் இக்குளம்பு நோய் மிகக் கொடிய வேதனை தருவது. நாளடைவில் முன்கால்களுக்கும் அந்நோய் பரவியது. முறிந்த என்பு பெரும்பாலும் பொருந்தியிருந்தும், 2007 ஜனவரி 29இல் பார்பரோவைக் கருணையுடன் உயிர்நீக்க நேர்ந்தது.

தொற்றைத் தடுக்க வைத்தியர்கள் பல வழிகளைக் கையாளுகின்றனர். கத்தி படுமுன்னரே கிருமிகொல்லி மருந்தை ஏற்றுவர். காலின் மேற்பாகத்தை இறுகக் கட்டிவிட்டு, கீழுள்ள நாளத்தில் மருந்தைச் செலுத்துவர். மருந்து சிறிது நேரம் காயத்தருகிலேயே செறிந்து நிற்கும். மருந்து கலந்த சிறு மணிகளைக் காயத்தினுள் வைப்பதும் உண்டு. அதன்பின் காய்ச்சல், வீக்கம், கசிவு ஆகியவற்றை நாடோறும் கவனிப்பர். நன்றாக ஊன்றிய காலைக் குதிரை திடீரெனத் தூக்கி நிற்பின், அதுவே முதல் எச்சரிக்கையாகும்.

கால் முறிந்த குதிரையைக் கொல்வது ஈரமற்ற செயலென நாம் எண்ணக்கூடும். ஒரு காலைக் காக்கும் முயற்சி ஏனைய மூன்றையும் வதைக்கலாம் என்பதை அறிந்தால், அத்தீர்மானம் எத்துணைக் கடினமானதென்பது புலப்படும். வாய்பேசாத அவ்வுயிரின் நோவை நாடோறும் அளந்தறிந்து, எதுவரை போராடுவதெனத் தீர்மானிப்பதும் மிருக வைத்தியரின் கடமையே.