ஒரே கம்பியில் செய்தியும் மின்சாரமும்: பி.ஓ.இ. சுவிட்சை அமைத்தலும் நிர்வகித்தலும்

கூட்டுறவுச் சங்க அலுவலகங்களில் பேரேடுகளுக்கு அருகே கணிப்பொறிகளும் இடம்பெற்றுவிட்டமை யாவரும் அறிந்ததே. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணிப்பொறிமயமாக்க ரூ. 2,516 கோடித் திட்டமொன்றுக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. நூல் கிடங்கிலும் விற்பனைச் சாலையிலும் காமிராக்கள், அலுவலகத்தில் கம்பியில்லா இணையப் பெட்டி, மேசைமேல் இணையத் தொலைபேசி எனப் பல சாதனங்கள் வந்து சேர்ந்துள்ளன.

இவை அனைத்தையும் ஒன்றோடொன்று இணைக்கும் சிறு பெட்டிக்கு ‘நெட்வொர்க் சுவிட்ச்’ என்று பெயர். இணைப்பதோடு நில்லாமல், அதே கம்பி வழியே மின்சாரத்தையும் கொடுத்தால் அது ‘பவர் ஓவர் ஈதர்நெட்’ சுவிட்ச், சுருக்கமாகப் பி.ஓ.இ. சுவிட்ச். அங்கத்தினர் பணத்தில் இதனை வாங்கத் தீர்மானம் நிறைவேற்றும் நிர்வாகக் குழுவினர், அதன் தன்மையை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம். விலைப்புள்ளிகளில் துளைகளின் எண்ணிக்கையையும் விலையையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் நேரும் நஷ்டம் சிறிதன்று. அந்நஷ்டம் எவ்வாறு நேர்கிறது என்பதையும், அதைத் தவிர்க்கும் வழியையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவிட்ச் என்பது யாது?

விளக்கை ஏற்றி அணைக்கும் சுவிட்சுக்கும் இதற்கும் பெயரளவிலேயே ஒற்றுமை. தபால் நிலையத்தில் கடிதங்களை முகவரி பார்த்துப் பிரிப்பதைப் போல, ஒரு சாதனத்திலிருந்து வரும் செய்தியை உரிய சாதனத்திற்குச் செலுத்துவது நெட்வொர்க் சுவிட்சின் வேலை. அதில் 5, 8, 16, 24 எனத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையையும் ‘போர்ட்’ என்பர். ஒரு போர்ட்டிலிருந்து ஒரு சாதனத்திற்கு ஒரு கேபிள் செல்லும். கேபிளினுள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் உள்ளன.

கம்பி வழியே செய்தியும் மின்சாரமும் சேர்ந்து செல்வது புதுமையன்று. பழைய கம்பித் தொலைபேசி, வீட்டில் மின்சாரம் நின்றபோதும் பேசியதை நினைவுகூர்க. தொலைபேசி நிலையத்திலிருந்த 48 வோல்ட் மின்கல அடுக்கே பேச்சு செல்லும் அதே கம்பிகள் வழியாக அதற்கு மின்சாரம் அளித்தது. பி.ஓ.இ. சுவிட்ச் செய்வதும் இதுவே. இதனால் கிடங்கின் உயர்ந்த சுவரில் காமிரா பொருத்த 230 வோல்ட் மின்கம்பியைத் தனியாக இழுக்க வேண்டியதில்லை. மின்தடையின்போது ஒவ்வொரு காமிராவுக்கும் வெவ்வேறு மாற்று ஏற்பாடும் வேண்டியதில்லை, சுவிட்சை யூ.பி.எஸ். பெட்டியில் இணைத்தால் அனைத்தும் இயங்கும்.

கேட்டறிந்து கொடுக்கும் முறை

சாதாரணக் கணிப்பொறியை இந்தச் சுவிட்சில் செருகினால் மின்சாரம் பாய்ந்து பழுதாகிவிடாதோ என்று சிலர் அஞ்சுகின்றனர். முறையான சுவிட்சில் அவ்வச்சத்திற்கு இடமில்லை. கேபிளைச் செருகியவுடன் சுவிட்ச் முதலில் மிகக் குறைந்த மின்னழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் ஏறத்தாழ 25,000 ஓம் மின்தடை இருக்கிறதா என்று சோதிக்கும். பி.ஓ.இ. சாதனங்களில் இத்தடை அடையாளச் சீட்டைப் போல அமைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டால் மட்டுமே முழு மின்சாரம் செல்லும். இல்லையேல் செய்தி மட்டும் செல்லும். சாதனத்தின் தேவை எவ்வளவு என்பதையும் அது சேர்ந்த வகுப்பைக் கொண்டு சுவிட்ச் அறிந்துகொள்ளும்.

இதற்கான பொது விதிகளை ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியியலாளர் அமைப்பு வகுத்துள்ளது. 2003-இல் வெளியான ‘802.3 ஏ.எஃப்.’ விதிப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கலாம். 2009-இன் ‘ஏ.டி.’ விதி இதனை 30 வாட் ஆக்கியது. 2018-இன் ‘பி.டி.’ விதி 90 வாட் வரை இடமளிக்கிறது. கம்பியில் ஒரு பகுதி வெப்பமாகக் கழியுமாதலால், 15.4 வாட்டில் 12.95 வாட்டும், 30 வாட்டில் 25.5 வாட்டுமே சாதனத்திற்கு உறுதியாகக் கிடைக்கும்.

சந்தையில் மலிவாக விற்கும் சில பெட்டிகள் எதையும் கேட்டறியாமல் 24 அல்லது 48 வோல்ட்டை எந்நேரமும் கம்பியில் செலுத்துவன. இவற்றைப் ‘பாசிவ்’ வகை என்பர். பொருந்தாத சாதனத்தை இவற்றில் செருகினால் அது பழுதாகக்கூடும். ஆகவே, கொள்முதல் உத்தரவில் ‘802.3 ஏ.எஃப்.’ அல்லது ‘ஏ.டி.’ விதிக்கு உட்பட்டது என்ற சொற்களைக் கட்டாயம் எழுதுதல் வேண்டும்.

துளைகளை எண்ணுவது போதாது

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். எட்டுப் போர்ட்டுகளும் தலைக்கு 30 வாட் தரும் என்று விளம்பரத்தில் கண்டால், பெட்டி மொத்தம் 240 வாட் தரும் என்று எண்ணிவிடலாகாது. சுவிட்சுக்கு மொத்த மின்சார வரம்பு ஒன்று தனியாக உண்டு. எட்டுப் போர்ட் சுவிட்சுகளில் அது 65 வாட்டாக இருக்கலாம். 120 வாட்டாகவும் இருக்கலாம். ஒவ்வோர் அங்கத்தினரின் கடன் உச்சவரம்பும் எவ்வளவாயிருப்பினும், சங்கத்தின் கையிருப்புக்கு மேல் கடன் வழங்க இயலாதன்றோ? அதுபோன்றதே இதுவும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு சங்கத்தில் ஐந்து காமிராக்கள், ஒரு கம்பியில்லா இணையப் பெட்டி, ஒரு தொலைபேசி ஆகியவை உள்ளன என்று கொள்வோம். காமிரா பகலில் 6 வாட்டும், இரவில் 12 வாட்டும் எடுக்கும். இருளில் காண்பதற்காக அதனுள் உள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரிவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். இணையப் பெட்டிக்கு 13 வாட், தொலைபேசிக்கு 6 வாட். பகல் நேரக் கணக்கு 30, 13, 6 ஆக 49 வாட். 65 வாட் சுவிட்சில் யாவும் நன்றாக இயங்கும். பொருத்தியவர் பகலில் இயக்கிக் காட்டுவார். காரியதரிசி ரசீதில் கையொப்பமிடுவார். இரவு வந்ததும் கணக்கு 60, 13, 6 ஆக 79 வாட் ஆகிறது. வரம்பு மீறியதால் சுவிட்ச் தானாகவே சில போர்ட்டுகளின் மின்சாரத்தை நிறுத்திவிடும். நூல் கட்டுகளுக்கும் உர மூட்டைகளுக்கும் காவல் தேவைப்படும் நேரத்தில் காமிரா கண் மூடிவிடுகிறது. காலையில் விளக்கு அணைந்ததும் அது மீண்டும் இயங்கத் தொடங்குவதால், குறை பல நாட்கள் வெளிப்படாமலே இருத்தலும் கூடும்.

வேறு சில சுவிட்சுகள் உண்மைச் செலவைப் பாராமல், சாதனத்தின் வகுப்பிற்கேற்ப முன்னதாகவே மின்சாரத்தை ஒதுக்கிவிடும். மேற்சொன்ன காமிராக்கள் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவையாயின் ஒவ்வொன்றுக்கும் 15.4 வாட் ஒதுக்கப்படும். நான்கு காமிராக்களுக்கு 61.6 வாட் போய்விட, ஐந்தாவதற்கு மின்சாரம் கிடைக்காது. இம்முறையில் ஏழு சாதனங்களுக்கும் வேண்டுவது எவ்வளவு? காமிராக்களுக்கு 77 வாட், நான்காம் வகுப்பு இணையப் பெட்டிக்கு 30 வாட், இரண்டாம் வகுப்புத் தொலைபேசிக்கு 7 வாட். ஆக 114 வாட். 120 வாட் சுவிட்ச் இருவகைக் கணக்கிற்கும் போதுமானது. ஆனால் பின்னர் இன்னொரு காமிரா சேர்ப்பதாயின் முதலில் இக்கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

கம்பியும் இடமும்

கேபிளின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது. கேட்-5இ அல்லது கேட்-6 வகையில் முழுச் செம்புக் கம்பியையே கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பி விலை குறைவாயினும், மின்தடை அதிகமாதலால் சூடேறும்; கடைசியிலுள்ள காமிராவுக்குப் போதிய மின்சாரம் சேராது. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை நிறம் தெரிவது இதன் அடையாளம். கேபிளின் முனையைப் பொருத்துகையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை இரு முனைகளிலும் மாறாமல் பின்பற்றுவது வழக்கம்.

அலுவலகமும் கிடங்கும் தனித்தனிக் கட்டடங்களாயின், இடையே செம்புக் கம்பியை வெளியில் இழுப்பது இடி மின்னலை உள்ளே அழைப்பதாக முடியலாம். அங்கே ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக் கம்பியே தக்கது. அது மின்சாரத்தைக் கடத்தாதாகையால், கிடங்கில் ஒரு சிறு பி.ஓ.இ. சுவிட்சைத் தனி மின் இணைப்போடு வைத்தல் வேண்டும்.

பி.ஓ.இ. சுவிட்ச் வேலை செய்யும்போது சூடேறும் இயல்புடையது. தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசி அதன் காற்றுத் துளைகளையும் விசிறியையும் அடைத்துவிடும். ஆதலால் தறிகள், பாவுக்குக் கஞ்சியிடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலக்கி, காற்றோட்டமுள்ள சுவர்ப்பெட்டியில் பூட்டி வைப்பது நலம். எர்த் இணைப்பு சரியாயிருத்தல் இன்றியமையாதது. யூ.பி.எஸ். விஷயத்திலும் கணக்குப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 84 வாட்-மணியே அடங்கும். மாற்றத்தில் நேரும் இழப்பையும் கருதினால், 79 வாட் சுமையை அது ஒரு மணி நேரம் தாங்காது.

அமைக்கும் ஒழுங்கு

சுவிட்சுகளில் இருவகை உண்டு. செருகினால் இயங்குவது ஒன்று. கணிப்பொறியின் மூலம் கட்டளையிட்டு நிர்வகிக்கக்கூடியது மற்றொன்று. சங்கங்களுக்குப் பின்னதே ஏற்றது. அதை அமைக்கும் வரிசை வருமாறு:

1. முதலில் ஒரே ஒரு கணிப்பொறியை மட்டும் இணைத்து, குறிப்பேட்டில் உள்ள ஐ.பி. முகவரி வழியே நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை மாற்றுக.

2. தேதியையும் நேரத்தையும் சரி செய்க. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து புதிய மென்பொருள் உண்டா என்று பார்த்து ஏற்றுக.

3. சாதனங்களை ஒவ்வொன்றாகச் செருகி, போர்ட்டின் வாட் அளவைக் குறித்துக்கொள்க. கேபிளின் இரு முனைகளிலும் எண் ஒட்டுக.

4. போர்ட்டுகளுக்கு முன்னுரிமை வகுக்க. பற்றாக்குறை நேர்ந்தால் எது முதலில் நிற்கலாம் என்பதை நாமே தீர்மானித்தல் வேண்டும். கிடங்குக் காமிராவுக்கு முதலிடமும், விருந்தினர் பயன்படுத்தும் இணையப் பெட்டிக்குக் கடைசி இடமும் அளிப்பது நியாயம்.

5. ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், செய்தி செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி வந்து வலைப்பின்னல் முழுவதையும் நிறுத்திவிடும். இதைத் தடுக்கும் ‘ஸ்பானிங் ட்ரீ’ என்னும் ஏற்பாட்டை இயக்கி வைக்க.

6. இரவில் விளக்குகளை அணைத்து, எல்லாக் காமிராக்களும் தெரிகின்றனவா என்று பார்த்த பின்னரே பட்டியலுக்குப் பணம் கொடுக்க.

7. செய்த மாற்றங்களைச் ‘சேமி’ என்ற கட்டளையால் பதிவு செய்க. பல சுவிட்சுகளில் இதைச் செய்யாவிடில், மின்சாரம் நின்று வந்ததும் யாவும் மறைந்துபோகும். அமைப்பின் பிரதியொன்றைத் தனியாகவும் வைத்துக்கொள்க.

சாவி யாரிடம்?

கிடங்கின் வெளிச்சுவரில் உள்ள காமிராவின் கேபிளைக் கழற்றி, தன் மடிக்கணினியில் ஒருவர் செருகினால் என்ன ஆகும்? எல்லாச் சாதனங்களும் ஒரே வலைப்பின்னலில் இருப்பின், அங்கத்தினரின் கடன் கணக்கு உள்ள கணிப்பொறியின் வாசல்வரை அவர் வந்துவிடலாம். நிர்வகிக்கத்தக்க சுவிட்சில் ‘வி.லேன்’ என்னும் வசதியால் காமிராக்கள், கணக்குக் கணிப்பொறிகள், விருந்தினர் இணையம் ஆகியவற்றை மூன்று தனி அறைகளைப் போலப் பிரிக்கலாம். பயன்படாத போர்ட்டுகளை மூடிவைப்பதும் அவசியம்.

ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்று கேட்டால், ‘பொருத்தியவரிடம் இருக்கிறது’ என்ற விடை கிடைப்பதுண்டு. இது இரும்புப் பெட்டியின் சாவியைப் பெட்டி செய்தவரிடம் விட்டுவைப்பதற்கு ஒப்பாகும். கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டு, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட்டு, சங்கப் பெட்டகத்தில் வைத்தல் வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது கடவுச்சொல்லும் மாறவேண்டும். அது தொலைந்துபோனால் சுவிட்சைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப நேரிடும். அப்போது செய்த அமைப்புகள் அனைத்தும் அழியும்.

இதற்கென ஒரு பதிவேடு வைப்பது நன்று. போர்ட் எண், சாதனம், இருக்குமிடம், பகல் வாட், இரவு வாட், முன்னுரிமை என ஆறு பத்திகள் போதும். மாதம் ஒருமுறை மொத்த வாட்டைக் குறித்து, தூசியைத் துடைத்து, சுவிட்சின் நிகழ்ச்சிக் குறிப்பில் எந்தப் போர்ட்டாவது அடிக்கடி நின்று எழுகிறதா என்று பார்க்கவேண்டும். அசைவற்றுப்போன காமிராவுக்காக ஏணி தேட வேண்டியதில்லை. அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை நிர்வாகப் பக்கத்திலிருந்தே நிறுத்திக் கொடுத்தால் பெரும்பாலும் அது மீண்டும் இயங்கும்.

அங்கத்தினர்களின் கடமை

மேற்கூறியவற்றைச் செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. செய்யப்பட்டனவா என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை. அடுத்த பொதுக்குழுவில் இச்செலவு தீர்மானத்திற்கு வருமாயின், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சுவிட்சின் மொத்த வாட் வரம்பு எவ்வளவு? சாதனங்களின் இரவுக் கணக்கு எவ்வளவு? கம்பி முழுச் செம்புதானா? கடவுச்சொல் எவர் பொறுப்பில் உள்ளது? இவற்றிற்கு எழுத்துமூலம் விடை பெற்ற பின்னர் தீர்மானத்திற்குக் கை தூக்குவீர்களாக.