தகரத்தில் தீட்டிய நேர்த்திக்கடன்

மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் 'ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை' படத்தைப் பார்த்த வாசகி ஒருவர், "இவ்வளவு பெரிய ஓவியர் போயும் போயும் தகரத்திலா வரைவார்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். 1932-இல் டெட்ராயிட்டில் கரு கலைந்து மருத்துவமனையில் கிடந்த ஃப்ரீடா, அதற்குப் பின் வரைந்த படம் அது. தகரம் சிக்கனத்துக்காக வந்ததல்ல. மாதா கோயில் சுவர்களில் மெக்ஸிகோ மக்கள் மாட்டிவைக்கும் நேர்த்திக்கடன் படங்களிலிருந்து வந்தது.

வேளாங்கண்ணியில் வேண்டுதல் பலித்தவர்கள் வெள்ளியில் கை, கால் உருவம் செய்து வைப்பார்களே, அதே கத்தோலிக்க வழக்கந்தான். மெக்ஸிகோவில் உருவங்களோடு படமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், கான்வாஸுக்கு வக்கில்லாத குடும்பங்களும் படம் எழுதி வைத்தன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடவில்லை. பெயர் தெரிந்த சிலரில் ஒருவர் குவானாஹுவாத்தோ மாநிலத்து ஹெர்மெனெகில்தோ புஸ்தோஸ் (1832–1907). ஐஸ் விற்றுப் பிழைத்தவர். ஓவியத்தில் தன்னை வெறும் ஆர்வலர் என்றே சொல்லிக்கொண்டவர்.

படம் பெரும்பாலும் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுதான். மேலே மேகத்துக்கு நடுவே மாதாவோ புனிதரோ. நடுவில் நடந்த சம்பவம். அடியில் எழுத்து.

இந்த நடுப்பகுதிதான் வேடிக்கை. கட்டிலில் காய்ச்சலோடு குழந்தை கிடக்கும். பக்கத்தில் தாய் மண்டியிட்டிருப்பாள். சில படங்களில் அதே தாய் இன்னொரு மூலையில் மெழுகுவர்த்தியோடு நன்றி சொல்லிக்கொண்டும் இருப்பாள். தவிப்பும் தீர்வும் ஒரே அறைக்குள், ஒரே நேரத்தில். கட்டில் தரையில் நிற்கிறதா, மிதக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. முகத்தைவிட விரிப்பின் பூவேலையில் ஓவியர் அதிகக் கவனம் காட்டியிருப்பார்.

கீழே தாயின் பெயர், ஊர், தேதி, என்ன நோய், யாரை வேண்டினாள் என்று வரிசையாக வரும். பேசுகிற மாதிரியே எழுதியது, எழுத்துப்பிழைகள் தாராளம். முதல் வரி விசாலமாகத் தொடங்கும். இடம் தீரத் தீர எழுத்து சிறுத்து, கடைசிச் சொற்கள் ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும். 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கூலிவேலைக்குப் போன மகன் பத்திரமாகத் திரும்பியதற்கு நன்றி சொல்லும் படங்களும் சேர்ந்தன. ஹோர்ஹே துராந்த், டக்ளஸ் மாஸி ஆகிய இரு ஆய்வாளர்கள் இத்தகைய படங்களை வைத்து 1995-இல் ஒரு நூலே எழுதினார்கள்.

ஃப்ரீடாவும் அவர் கணவர் தியேகோ ரிவேராவும் நேர்த்திக்கடன் படங்களில் 400-க்கு மேல் சேர்த்தார்கள். 1932-இல், தன் தாய் இறந்த அதே ஆண்டில், ஃப்ரீடா 'என் பிறப்பு' என்றொரு படம் வரைந்தார். அதுவும் தகரத்தில்தான். பிரசவிக்கும் பெண்ணின் தலை போர்வைக்குள் மறைந்திருக்கிறது. கட்டிலுக்கு மேல் வியாகுல மாதா. அடியில் எழுத்துக்காக ஒரு நாடா வரைந்திருக்கிறார், ஆனால் அதில் ஒரு சொல்லும் இல்லை. யாருக்கு, எதற்கு நன்றி சொல்வது?

இப்போது நேர்த்திக்கடன் படங்களுக்குச் சந்தையில் நல்ல விலை. கோயில் சுவரிலிருந்து களவுபோய்க் கடல் கடக்கின்றன. 2019-இல் இத்தாலி, அங்கே பிடிபட்ட 594 படங்களை மெக்ஸிகோவிடம் திருப்பிக் கொடுத்தது. காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டுகிறவர்கள் நிறத்தை ரசிக்கிறார்கள், எழுத்தைப் படிப்பதில்லை. காட்சிக்கூடங்களிலும் 'ஓவியர் பெயர் தெரியவில்லை' என்று ஒரு அட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஓவியர் பெயர் தெரியாவிட்டால் போகட்டும். படத்தை வைத்த தாயின் பெயரும் ஊரும் அடியிலேயே இருக்கின்றனவே, அவற்றையாவது அந்த அட்டையில் எழுதக்கூடாதா?