உலோக வண்ணத்தின் மேல் மை பூசுதல்

உலோக வண்ணத்தின் மேல் மை பூசுதல் என்பது பொன், வெள்ளி, செம்பு போன்ற மினுங்கும் வண்ணம் தீட்டிய சிற்றுருவத்தின் மீது ஒளி ஊடுருவும் மையை மெல்லிய படலமாகப் பூசும் முறையாகும். இதனால் உலோகத்தின் மினுமினுப்பு பெரிதும் குறையாமல் அதன் சாயல் மாறுகிறது. குழிவான இடங்களில் மை தேங்கி நிழல் போலத் தோன்றுவதால் நுண்ணிய செதுக்கல்கள் தெளிவாகத் தெரிகின்றன. பிளாஸ்டிக், ஈயக்கலவை, பிசின் ஆகியவற்றால் ஆன மாதிரி உருவங்களை வண்ணம் தீட்டுவோரிடையே உலகெங்கும் இம்முறை பரவலாக உள்ளது. நவராத்திரிக் கொலு பொம்மைகளின் நகை, மகுடம், ஆயுதம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

கொலு பொம்மையும் பொன் வண்ணமும்

கோயம்புத்தூரில் கொலு வைக்கும் வீடுகளிலும் கோயில்களிலும் களிமண், காகிதக்கூழ், சுட்டமண், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகியவற்றால் ஆன பொம்மைகள் படிகளில் அடுக்கப்படுகின்றன. பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி முதலிய ஊர்களில் செய்யப்படும் பொம்மைகள் தமிழ்நாடு முழுவதும் விற்பனைக்குச் செல்கின்றன. தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரின் விற்பனை நிலையங்களும் ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடத்துகின்றன.

மருதமலை, சென்னிமலை, சிவன்மலை, பழனி என முருகன் குன்றுகள் நிறைந்த வட்டாரம் கொங்கு நாடு. இங்குள்ள கொலுக்களில் முருகன் பொம்மைக்குத் தனி இடம் உண்டு. வேல், மகுடம், மார்பணி, மயிலின் கழுத்து என உலோக மினுக்கம் தேவைப்படும் பகுதிகள் அந்த ஒரே பொம்மையில் பல உள்ளன. இவற்றுக்கு ஒரே பொன் வண்ணத்தைத் தடித்துப் பூசினால் அட்டிகையின் மணிகளும் மகுடத்தின் அடுக்குகளும் ஒன்றோடொன்று கலந்து, மஞ்சள் தகடு ஒன்றை ஒட்டியது போலத் தோன்றும். பழைய பொம்மைகளுக்கு ஆண்டுதோறும் பொன் வண்ணம் பூசி வரும் வீடுகளில் இதைக் காணலாம். ஒவ்வொரு பூச்சும் சிறிது ஆழத்தை நிரப்புவதால், சில ஆண்டுகளில் செதுக்கலே மறைந்துவிடும்.

இதற்கு மாறான காட்சியைப் புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குத்துவிளக்கில் பார்க்கலாம். கை படும் மேடுகள் பளிச்சென இருக்கும். வளையங்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் கருமை தங்கியிருக்கும். அந்தக் கருமையால்தான் விளக்கின் வேலைப்பாடு தூரத்திலிருந்தும் தெரிகிறது. மை பூசும் முறை இதே விளைவைச் சிறிய அளவில் உருவாக்குகிறது.

செயல்படும் விதம்

உலோக வண்ணத்தில் நிறமித் தூளுக்குப் பதிலாகத் தட்டையான நுண் செதில்கள் உள்ளன. வெள்ளி வண்ணத்தில் பெரும்பாலும் அலுமினியச் செதில்களும், பழைய வகைப் பொன் வண்ணத்தில் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூளும் இருக்கும். நீரில் கரையும் இன்றைய அக்ரிலிக் வண்ணங்கள் பலவற்றில் டைட்டானியம் டை ஆக்சைடு அல்லது இரும்பு ஆக்சைடு பூசிய அப்பிரகச் செதில்கள் சேர்க்கப்படுகின்றன. வண்ணம் உலரும்போது இச்செதில்கள் பரப்புக்கு இணையாகப் படுத்துக்கொண்டு சிறு கண்ணாடிகளைப் போல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன.

சாதாரண வண்ணத்தை இதன் மேல் பூசினால் ஒளி செதில்களை எட்டாது; மினுக்கம் மறைந்துவிடும். மை அவ்வாறு மறைப்பதில்லை. அதன் துகள்கள் மிக நுண்ணியவை, படலமும் மெல்லியது. ஒளி மையைக் கடந்து உள்ளே சென்று, செதிலில் பட்டுத் திரும்பி, மீண்டும் மையைக் கடந்து வெளியே வருகிறது. ஒரே படலத்தை ஒளி இருமுறை கடப்பதால், நீர்த்த மைகூட உலோகத்தின் மேல் ஆழ்ந்த நிறம் காட்டும்.

இரண்டாவது விளைவு ஆழத்தால் வருகிறது. நீர்த்த மை மேடுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் சேர்கிறது. அங்கே படலம் தடித்திருப்பதால் நிறம் கருக்கிறது. மேட்டில் மெலிந்திருப்பதால் உலோகம் ஒளிர்கிறது. நிழலும் வெளிச்சமும் ஒரே பூச்சில் கிடைக்கின்றன.

மை வகைகள்

எல்லா மையும் இதற்கு உதவாது.

அக்ரிலிக் மை: நிறமியும் அக்ரிலிக் பசையும் கொண்டது. உலர்ந்தபின் நீரில் கரையாது. இம்முறைக்கு மிகவும் ஏற்றது.

வாஷ்: சிற்றுருவங்களுக்கென்றே நீர்த்த நிலையில் விற்கப்படும் வண்ணம். பெரும்பாலும் மங்கலாக உலரும். வார்ஹேமர் விளையாட்டை 1983-இல் வெளியிட்ட இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் உள்ளிட்ட நிறுவனங்கள் இதனைத் தயாரிக்கின்றன.

அரக்கு சேர்ந்த வரைபட மை: உலர்ந்தபின் நீரைத் தாங்கும். ஆனால் ஸ்பிரிட் கலந்த வார்னிஷ் பட்டால் கரையலாம்.

பேனா மை: பெரும்பாலும் நீரில் கரையும் சாயம். பூசியபோது அழகாக இருந்தாலும், வார்னிஷ் பூசும்போது கரைந்து பரவும். வெளிச்சத்தில் விரைவில் வெளுக்கும். இதைத் தவிர்ப்பது நல்லது.

அக்ரிலிக் மை கிடைக்காத இடத்தில், ஒளி ஊடுருவும் அக்ரிலிக் வண்ணத்தைப் பளபளப்பான அக்ரிலிக் மீடியத்தில் நீர்த்துப் பயன்படுத்தலாம். தண்ணீர் மட்டும் அதிகம் சேர்த்தால் பசை வலுவிழந்து நிறம் பொடியாக உதிரக்கூடும்.

நிறத் தேர்வு

வெள்ளி எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ சமமாகத் திருப்பி அனுப்பும். எனவே அதன் மேல் எந்த நிற மையும் தன் நிறத்தைக் காட்டும். மஞ்சளும் சிறிது பழுப்பும் கலந்த மை வெள்ளியைப் பொன்னாக்கும். சிவப்பு மை கெம்புக் கல்லையும், பச்சை மை மரகதத்தையும், நீலமும் பச்சையும் அடுத்தடுத்துப் பூசிய பூச்சு மயில் கழுத்தையும் நினைவூட்டும். நீர்த்த கருநீல மை வெள்ளியை எஃகாக மாற்றும். வேலின் இலைப் பகுதிக்கு இது பொருத்தமானது.

பொன்னின் நிலை வேறு. அது சிவப்பு, மஞ்சள் ஒளியைத் திருப்பி, நீல ஒளியைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. நீல மையோ நீல ஒளியை மட்டுமே அதிகமாக விடும். இரண்டும் சேர்ந்தால் வெளிவரும் ஒளி மிகக் குறைவு. நிறம் அழுக்குப் பச்சையாகத் தோன்றும். ஆகவே நீல மினுக்கம் வேண்டிய இடத்தில் அடியில் வெள்ளியே பூச வேண்டும். பொன்னின் மேல் பழுப்பு, செம்பழுப்பு, ஆரஞ்சு ஆகியவை நன்கு பொருந்தும். பொன்னுக்குக் கருப்பு மை பூசினால் நகை புகை பிடித்தது போலத் தெரியும். பழுப்பே இயல்பாக இருக்கும்.

செய்முறை

முருகன் பொம்மை ஒன்றின் மகுடத்தையும் மார்பணியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டால் படிகள் பின்வருமாறு அமையும்.

1. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமக் கறை ஆகியவற்றை உலர்ந்த மென்தூரிகையால் அகற்ற வேண்டும். சுடாத களிமண்ணையும் காகிதக்கூழையும் நீரில் கழுவக் கூடாது.
2. பொன் வண்ணம் பூசும் இடங்களுக்கு முதலில் செம்பழுப்பு அல்லது காவி நிற அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். பொன் வண்ணத்துக்கு மறைக்கும் திறன் குறைவு. வெள்ளை அடிப்பூச்சு இடுக்குகளில் எட்டிப் பார்க்கும்.
3. பொன் வண்ணத்தை இரண்டு மெல்லிய பூச்சாகத் தீட்டி, ஒவ்வொன்றையும் முழுதாக உலரவிட வேண்டும்.
4. பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷை ஒரு பூச்சு பூசலாம். வழவழப்பான பரப்பில் மை தடையின்றி ஓடிப் பள்ளங்களைச் சேரும்.
5. ஒரு பங்கு பழுப்பு மையுடன் மூன்று பங்கு மீடியம் கலந்து, ஒரு நேரத்தில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் பூச வேண்டும். மேட்டில் தேங்கும் மையை ஈரமான சுத்தத் தூரிகையால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும்.
6. உலர்ந்தபின் அட்டிகையின் மணி முனை, மகுடத்தின் விளிம்பு ஆகியவற்றில் மட்டும் பொன் வண்ணத்தை மீண்டும் தொட்டு வைக்க வேண்டும். மிகக் கூரிய முனைகளில் ஒரு புள்ளி வெள்ளி வைத்தால் ஒளி பட்டது போலத் தெரியும்.
7. இறுதியாக உலோகப் பகுதிகளுக்குப் பளபளப்பான வார்னிஷும், முகம், துணி ஆகியவற்றுக்கு மங்கல் வார்னிஷும் தனித்தனியே பூச வேண்டும். மங்கல் வார்னிஷில் உள்ள நுண் சிலிக்காத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். அதை உலோகத்தின் மேல் பூசினால் அதுவரை செய்த வேலை வீணாகும்.

நவராத்திரி புரட்டாசி அமாவாசையை ஒட்டித் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபரில் தொடங்குவதால் பண்டிகை நெருங்கும்போது காற்றில் ஈரம் கூடும். ஈரமான நாளில் தெளிப்பு வார்னிஷ் அடித்தால் வெண்மையான புகைபோன்ற படலம் படியலாம். ஆடி, ஆவணியின் வறண்ட நாட்களில் வேலையை முடிப்பது நல்லது. ஆனால் அந்தப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் பலத்த காற்று தூசியைக் கொண்டு வரும். ஈரமான பூச்சில் தூசி ஒட்டாதிருக்க, பொம்மையை அட்டைப் பெட்டியால் மூடி உலர்த்தலாம்.

பொதுவான பிழைகள்

வளையக் கறை: மைத்துளி காய்ந்த இடத்தில் ஓரம் மட்டும் கருத்து நிற்கும். டம்ளர் வைத்த மேசையில் காப்பி விட்டுச்செல்லும் வட்டமும் இதே காரணத்தால் வருவதுதான். துளியின் விளிம்பு விரைவாக உலர்கிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் விளிம்பை நோக்கி ஓடி, நிறமித் துகள்களையும் இழுத்துச் செல்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் இதை விளக்கினர். மையைத் தேங்கவிடாமல் ஒற்றி எடுப்பதும், தண்ணீருக்குப் பதில் மீடியத்தில் நீர்ப்பதும் இதைத் தடுக்கும்.

மை ஒட்டாமல் உருண்டு நிற்றல்: எண்ணெய் வண்ணத்தின் மேலோ விரல் பிசுக்கின் மேலோ இது நேரும். மையில் மிகச் சிறிதளவு பாத்திரம் துலக்கும் திரவம் சேர்த்தால் பரப்பு இழுவிசை குறையும். அதிகமானால் நுரைத்துக் குமிழி விழும்.

மினுக்கம் இழத்தல்: பல பூச்சு மை ஏறினால் செதில்களுக்குச் செல்லும் ஒளி குறைந்துவிடும். ஓரிரண்டு பூச்சுடன் நிறுத்துவதே முறை.

பச்சை பூத்தல்: பித்தளைத் தூள் கலந்த பொன் வண்ணம் ஈரம், வியர்வை, அமிலம் ஆகியவை பட்டால் கருத்தோ பச்சை பூத்தோ போகும். நீர் கலந்த மையை அதன் மேல் நேரடியாகப் பூசாமல், முதலில் வார்னிஷால் மூட வேண்டும்.

பழம்பொம்மைகளும் எச்சரிக்கையும்

தாயிடமிருந்து மகளுக்கு வந்த கொலு பொம்மைக்கு இம்முறையைக் கையாளும் முன் நிதானம் தேவை. அதன் மூல வண்ணம் பொம்மை செய்தவரின் கைவேலை; அதன் மேல் புதிதாக ஏறும் நிலையான பூச்சைப் பின்னர் பிரித்தெடுப்பது கடினம். அருங்காட்சியகப் பாதுகாப்பில் இரண்டு நெறிகள் பின்பற்றப்படுகின்றன: தேவைக்கு மேல் தொடாதே, செய்ததை நீக்க முடியும்படி செய். வீட்டிலும் இவை பொருந்தும். தூசி நீக்குவதிலேயே பொம்மை தெளிவு பெறுமானால் அதோடு நிறுத்திவிடலாம். உதிர்ந்த இடத்தை மட்டும் சரிசெய்வது முழுவதும் மறுபூச்சு பூசுவதைவிட நல்லது. முகத்தையும் கண்ணையும் தொடாமல் விடுவது சிறந்தது. எந்தப் பொருளையும் முதலில் பொம்மையின் அடிப்பகுதியில் சோதித்து, ஒரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும்.

மூல வண்ணம் ஏற்கெனவே தடித்த பொன் பூச்சுக்குள் மறைந்துவிட்ட பொம்மைக்கு மை நல்ல மாற்றாகும். இன்னொரு பொன் பூச்சைவிட மெல்லிய ஒரு மைப் பூச்சு எஞ்சியிருக்கும் செதுக்கலை வெளிக்கொணரும்; பள்ளங்களையும் மேலும் நிரப்பாது.

ஒத்த மரபுகள்

மினுங்கும் பரப்பின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தை வைப்பது பழமையான உத்தி. தென்னிந்திய மரபு நகைகளில் கல்லின் அடியில் மெல்லிய உலோகத் தாளை வைத்துப் பதிப்பதால் கல்லின் நிறம் கூடித் தெரிகிறது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களில், நிறம் பூசாமலோ மெல்லிதாகப் பூசியோ விட்ட இடங்களின் பின்னே உலோகத் தாள் வைக்கப்பட்டது. இத்தாலியில் வெள்ளித் தாளின் மேல் மஞ்சள் வார்னிஷ் பூசிப் பொன்னாகக் காட்டும் வழக்கம் இருந்தது. வாகனங்களுக்கு உலோக அடிப்பூச்சின் மேல் நிறமூட்டிய தெளி பூச்சு அடிக்கும் ‘கேண்டி’ வண்ணமும் இதே அடிப்படையில் அமைந்ததாகும்.