உள்ளங்காலின் ஊற்று

திருக்கடையூர்க் கோயிலில் அறுபதாம் திருமணம் காண வந்த குடும்பங்கள் காலை வேளையில் மண்டபமெங்கும் நிறைந்திருக்கும். கலச நீராட்டு முடிந்து ஈர ஆடையுடன் பெரியவர்கள் நடந்துவர, கல்தளத்தில் எல்லாருடைய சுவடும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் ஒரு பிள்ளையின் துயரம் யார் கண்ணிலும் படுவதில்லை. நீராட்டு நடக்கும் இடத்துக்கே போகாமல் தூணோரம் ஒதுங்கி நிற்கிறான். வயது பதினான்கு இருக்கலாம். அவன் காலடியிலும் ஈரச்சுவடு. ஐந்து விரல்நுனிகள், முன்பாதத் திண்டு, வெளிவிளிம்பில் மெல்லியதொரு பட்டை, குதிகால். உள்வளைவு பதியாத இடத்தில் மட்டும் உலர்ந்த கல். காலை எடுத்துத் தள்ளி வைக்கிறான். பழைய சுவடு விளிம்பிலிருந்து சுருங்கி மறைவதற்குள் புதிய சுவடு தோன்றிவிடுகிறது. யாரேனும் பார்த்தால் அதன்மேலேயே காலை வைத்து மறைத்துக்கொள்கிறான். சிவன் காலனைக் காலால் உதைத்த கதைக்குரிய ஊர் இது. எட்டு வீரட்டத் தலங்களுள் ஒன்று. இங்கே வந்தும் ஒரு பிள்ளை தன் காலை எண்ணி நாணுகிறான்.

அவனுக்கு இருப்பது உள்ளங்கால் மிகுவியர்வை. அழுக்கால் வருவதன்று, அச்சத்தால் விளைந்த கோழைத்தனமும் அன்று. மாந்த உடலில் வியர்வைச் சுரப்பிகள் ஏறத்தாழ 20 முதல் 40 இலட்சம் வரை உண்டு. அவை மிக நெருக்கமாக அமைந்த இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். வெயிலுக்கு மார்பும் முதுகும் வியர்ப்பதும், தேர்வறையில் உள்ளங்கை வியர்ப்பதும் ஒரே வழியில் நிகழ்வன அல்ல. உடலைக் குளிர்விக்கும் வியர்வை வேறு, மனக்கிளர்ச்சியால் ஊறும் வியர்வை வேறு என்று பிரித்துக் காட்டி இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் யப்பானிய உடலியங்கியல் அறிஞர் யாஸ் குனோ. மாந்த வியர்வை பற்றிய அவரது நூல் 1934-இல் வெளிவந்தது.

அதே ஆண்டில் இலண்டனில் என்றி டேலும், செருமனியில் நாசிகளால் பணி பறிக்கப்பட்டு அங்கு அடைக்கலம் புகுந்த வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க்கும் பூனையின் பாதமெத்தையை ஆய்ந்தனர். பூனைக்கும் பாதத்தில் வியர்க்கும். நரம்பைத் தூண்டியபோது சுரப்பியருகே வெளிப்படும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின் என்று அவர்கள் நிறுவினர். இந்தச் செய்தியை நான் மீண்டும் மீண்டும் எண்ணுவதுண்டு. தூணோரப் பிள்ளையின் நோய்க்குத் திறவுகோல் இதில்தான் இருக்கிறது. அவனுடைய சுரப்பிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் பிறருடையவை போன்றவையே. நரம்பு அனுப்பும் ஏவல்தான் அளவு மீறுகிறது. மடையில் பழுதில்லை, மதகைத் திறப்பவர் மூட மறந்துவிட்டார்.

பாதத்துக்கு ஈரமே வேண்டாம் என்று எண்ணிவிடலாகாது. சற்றே நனைந்த தோல் பிடிப்புக் கொள்ளும். முற்றும் உலர்ந்த தோல் வழுக்கும். மிக நனைந்ததும் வழுக்கும். வரப்பில் வெறுங்காலுடன் நடப்பவர் இதை நூலின்றியே அறிவார். தொழுநோய் நரம்பைத் தின்றவரின் பாதத்தில் உணர்ச்சியோடு வியர்வையும் வற்றிப்போகும், தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு புண்ணாகும். வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தம் வாழ்வின் பல ஆண்டுகளை அத்தகைய கைகளுக்கும் கால்களுக்கும் கொடுத்தார். நீரிழிவு முற்றிய பாதமும் அவ்வாறே வறளும். ஆதலால் மருத்துவத்தின் இலக்கு ஊற்றைத் தூர்ப்பதன்று, அளவுக்குக் கொணர்வது.

அளவு மீறியதை எப்படி அறிவது? ஆறு திங்களுக்கு மேலாக, வெளிப்படையான காரணமின்றி, இரு பாதங்களும் ஒத்து வியர்க்கும், வாரத்துக்கு ஒருமுறையேனும் வந்து அன்றாட வேலையைக் கெடுக்கும், பெரும்பாலும் 25 வயதுக்குள் தொடங்கும், குடும்பத்தில் வேறொருவருக்கும் இருக்கும், உறங்கும்போது நின்றுவிடும். இந்த அடையாளங்களைக் கொண்டே மருத்துவர் முடிவுக்கு வருவார். நடுவயதில் திடீரெனத் தொடங்கினாலோ, ஒரு பாதம் மட்டும் வியர்த்தாலோ, இரவில் உடல் முழுதும் நனைந்தாலோ வேறு நோய் ஒளிந்திருக்கலாம். தைராய்டு மிகைப்பு, காசநோய் போன்றவற்றை அப்போது ஆய்ந்தாக வேண்டும். வியர்க்கும் எல்லையைக் கண்ணால் காண ஓர் எளிய முறை உண்டு. விக்டர் மைனர் 1928-இல் விளக்கியது. தோலில் அயோடின் பூசி உலர்த்தி, மாச்சத்துப் பொடியைத் தூவுவார்கள். ஈரம் பட்ட இடமெல்லாம் கருநீலமாகும்.

காவிரிக் கழனியில் பாதத்துக்கு ஈரம் இரு புறமிருந்தும் வருகிறது: உள்ளே சுரப்பியிலிருந்து, வெளியே சேற்றிலிருந்து. தோலுக்கு இரண்டும் ஒன்றே. நடவு முடிந்து வாய்க்காலில் கால் கழுவும் பெண்ணின் உள்ளங்காலைப் பாருங்கள். தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். குதிகாலிலும் முன்பாதத் திண்டிலும், உடற்சுமை தாங்கும் இடங்களில், ஊசிமுனையால் குத்தியது போன்ற சிறு குழிகள். சில ஒன்றோடொன்று கலந்து கறையான் அரித்த பலகை போலிருக்கும். கால் உலர்ந்தபின் அவை அவ்வளவாகத் தெரியா. இந்தக் குழிநோயை முதன்முதல் எழுதியவர் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி; ஆண்டு 1910. வெறுங்காலுடன் நடந்த இலங்கை மக்களின் பாதங்களில் அவர் கண்ட அதே குழிகள்தாம், இறுக மூடிய காலணிக்குள் நாளெல்லாம் வியர்க்கும் படைவீரரிடமும் மாணவரிடமும் பின்னர்க் கண்டறியப்பட்டன. ஈரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் கெராட்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து அக்குழிகளைத் தோண்டுகின்றன. நாற்றமும் அவற்றின் வேலையே. வியர்வைக்கு மணமில்லை, அதிலுள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து, ஐசோவலரிக் அமிலம் என்னும் கெடுநாற்றப் பொருளை உண்டாக்குபவை தோல்வாழ் நுண்ணுயிர்களே. விரலிடுக்கில் பூஞ்சையும் சேர்ந்துவிட்டால் நம் ஊரார் நன்கறிந்த சேற்றுப்புண்.

ஆகவே உலர்த்துவதே முதல் மருந்து. கழுவியபின் ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதை முறையாகச் செய்பவர் குறைவு. காலுறையை நண்பகலில் ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரே காலணியை நாள்தோறும் அணியாமல் இரண்டை மாற்றி மாற்றி அணிந்தால் ஒவ்வொன்றும் உலர ஒரு முழுநாள் கிடைக்கும். குழிநோய் கண்டவருக்கு கிளிண்டாமைசின், ஃபியூசிடிக் அமிலம் போன்ற களிம்புகளால் குணம் தெரியும். ஆனால் ஈரம் போகாதவரை நோய் திரும்பிவரும். கடுக்காயும் கடுந்தேநீரும் துவர்ப்புப் பொருளால் மேல்தோலை இறுக்கி வியர்வையைச் சிறிது குறைக்கும். கடுமையான மிகுவியர்வைக்கு அவை போதா.

அடுத்த படி அலுமினியம் குளோரைடு. முடிதிருத்தும் நிலையத்துப் படிகாரக் கல்லும் அலுமினிய உப்புத்தான். ஏறத்தாழ 20 விழுக்காட்டுக் கரைசலை இரவில், பாதம் நன்கு உலர்ந்தபின் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். உறக்கத்தில் ஊற்று ஓய்ந்திருக்கும்; அந்நேரம் உப்பு சுரப்பியின் வாயிலில் படிந்து அடைக்கும். ஈரக்காலில் பூசினால் அமிலம் உண்டாகி எரியும். எரிகிறதென்று பலர் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுகிறார்கள்; காலை உலர்த்தாமல் பூசியதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

அதற்கும் அடங்காதவருக்கு மின்னோட்டக் குளியல். இரு தட்டுகளில் நீர் வார்த்துப் பாதங்களை வைத்து, மெல்லிய நேர்மின்னோட்டத்தை 20 முதல் 30 நிமிடம் செலுத்துவார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மும்முறை, பின்னர் இடைவெளி விட்டு. 1952-இல் அறிமுகமாகி, 1968-இல் லெவிட் என்னும் மருத்துவர் எளிய கருவி அமைத்தபின் பரவிய முறை இது. நீரில் கரைந்த உப்புகளே மின்னைக் கடத்துகின்றன. கருவுற்றோரும், இதய முடுக்கியோ உடலில் உலோகமோ பொருத்தப்பட்டோரும் இதைத் தவிர்க்க வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இதைத் தாமே செய்து பார்ப்பது உயிருக்கே கேடு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் தோல்நோய்ப் பிரிவு உண்டு, வழியைக் கேட்டறியலாம்.

அசிட்டைல்கோலினைத் தடுக்கும் கிளைக்கோபைரோலேட் மாத்திரைகளும் உண்டு. டேலும் ஃபெல்ட்பெர்க்கும் கண்ட உண்மையின் நேர்ப்பயன் அவை. ஆயின் அவை பாதத்தை மட்டும் தேடிச் செல்வதில்லை. உடல் முழுதும் வியர்வையைக் குறைக்கும். வெயிலில் களமடிப்பவருக்கு வியர்வை நின்றால் உடல் கொதித்து உயிருக்கே இடர் வரும். கழனித் தொழிலாளருக்கு இம்மாத்திரையை எழுதுமுன் மருத்துவர் அவர் தொழிலைக் கேட்டே ஆக வேண்டும் என்பேன். பொட்டுலினம் ஊசி சில திங்கள் பயன் தரும். உள்ளங்காலில் அவ்வூசியின் வலி கடுமை, விலையும் கடுமை. நரம்பறுவையைப் பாதத்துக்காக நாடுவது எனக்கு உடன்பாடில்லை. பாதத்துக்குரிய நரம்பு இடுப்புப் பகுதியில் இருக்கிறது. அங்கே அறுப்பது ஆண்களின் பாலியல் இயக்கத்தைக் கெடுக்கக்கூடும். கைக்காக மார்பில் அறுத்தவர்களுக்கு முதுகும் வயிறும் ஈடாக வியர்ப்பதுண்டு.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காலணியைக் கழற்ற மறுக்கும் மாணவனை அடம்பிடிப்பவன் என்று எண்ணாதீர்கள். மருத்துவச் சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவனைத் திறந்த செருப்புடன் வகுப்புக்கு வர விடுங்கள். நண்பகலில் காலுறை மாற்ற ஐந்து நிமிடம் கொடுங்கள். கழற்றிய காலுறை சன்னல் கம்பியில் தொங்கட்டும். மாலை மணி அடிக்குமுன் அது உலர்ந்துவிடும்.